பாலுக்குச் சாட்சி

பதுளை
18.08.2024

அன்பின் நபீலா ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்களும் முன்ஸிப் மச்சானும் மகன்மாரும் சுகமாக மொனராகலை போய்ச் சேர்ந்திருப்பீர்கள். இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை. இருக்கிறோம்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்க வேண்டாம். நம் ஷாஹ்மி இருந்தபோது எனக்கு அனுப்பிய வொய்ஸ் மெசேஜ் எல்லாம் என் போனில்தானே இருக்கின்றன. உம்மா அதை வாங்கித் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டார். "ஹாஷிம், அரிசி வந்திச்சா? ஹாஷிம், சீனி முடிஞ்சி." மகனின் அந்தக் குரலைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார். வேறு யாருடைய போனில் பேசினாலும் ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார். உம்மாவின் காதுக்கு எட்டக்கூடாத விஷயம் ஒன்று இருக்கிறது.

பிரேதப் பரிசோதனை செய்த டொக்டர் என்னைக் கூப்பிட்டுப் பேசினார். ஷாஹ்மியின் இதயச் சுவர் அளவுக்கு மீறித் தடித்திருந்ததாம். தேயிலைத் தோட்டத்து லொறிக்கு நாங்கள் இரண்டு பேரும் மூட்டை தூக்கியபோது அதனால்தான் விழுந்திருக்கிறான். மூட்டையின் மறுமுனை என் கையில் இருந்தது, உங்களுக்குத் தெரியும். இது குடும்பத்தில் வருகிற நோயாம். தாய், கூடப்பிறந்தவர்கள், பிள்ளைகள் எல்லோரும் நெஞ்சைப் படம் பிடித்துப் பார்க்க வேண்டும் என்றார். தம்பி இன்ஸாப்பையும் கூட்டிக்கொண்டு அடுத்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை கிளினிக் போகலாம் என்றிருக்கிறேன்.

றுமைஸா மச்சி, புருஷனை இழந்தவர் இருக்க வேண்டிய இத்தாவில் அறைக்குள் இருக்கிறார். மார்கழியில் முடியும் வரை நான் அவர் முன்னால் போக முடியாது. திரைக்கு வெளியே நின்று கடைக் கணக்குச் சொல்கிறேன். அவர் மகள் ஹனா பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள்.

ஜனாஸா அடக்கத்தன்று பண்டாரவளை மாமி "அந்நிய ஆம்புளக்கி இங்க என்ன வேல?" என்று என்னை உள்ளறையிலிருந்து துரத்தப் பார்த்தாரே, நினைவிருக்கிறதா? நீங்கள் அந்நிய ஆண் முன்னால் மூட வேண்டிய தலையைக்கூட மூடாமல் நின்று, "அவன் எங்கட உம்மாட பால் குடிச்சவன், எண்ட தம்பி, ஈக்கட்டும்" என்றீர்கள். அன்றைக்கு என்னை நிமிர்ந்து நிற்க வைத்தது அந்த ஒரு வார்த்தைதான்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வஸ்ஸலாம்,
தம்பி ஹாஷிம்


மொனராகலை
29.08.2024

அன்புத் தம்பி ஹாஷிமுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். இங்கே எல்லோரும் நலம். வெயில் மண்டையைப் பிளக்கிறது. உம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி?

கடிதம் நல்ல யோசனை. வகுப்பில் பிள்ளைகள் கணக்குச் செய்யும் நேரத்தில் எழுதுகிறேன்.

வாப்பாவை நினைத்துப் பார். பள்ளிவாசல் படியில் ஏறும்போது விழுந்தார், நாற்பதுகூட ஆகவில்லை. அவருக்கு வாய்வு நெஞ்சில் அடைத்துவிட்டது என்று ஊரே சொன்னது. நாங்களும் இத்தனை வருடம் அதையே சொல்லிக்கொண்டிருந்தோம். அது வாய்வாக இருந்திருக்காது.

பார்க்க வேண்டியவர்கள் இன்ஸாப், ஹனா, உம்மா, நான். இன்ஸாப்தான் முதலில். எல்ல ஊரில் வெள்ளைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு தினமும் மலை ஏறுகிறவன். அவனை இழுத்துக்கொண்டாவது போ. என்னைப் பற்றிக் கவலைப்படாதே.

துஆவுடன்,
நபீலா ராத்தா


பதுளை
15.09.2024

அன்பின் ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகமா? உம்மாவின் முழங்கால் இப்போது பரவாயில்லை. ஏன் என்று கேளுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை விடிய இன்ஸாப் மாயமாகிவிட்டான். ஜேர்மன்காரர்கள் ஆறு பேர் வந்திருக்கிறார்களாம், மலைக்குக் கூட்டிப்போகாவிட்டால் ஹோட்டல்காரர் வேறு ஆளை வைத்துக்கொள்வாராம். நான் விடுவேனா? கிளினிக்குக்கு எடுத்த நம்பரை வீணாக்காமல் நானே போனேன். "இறந்தவர் உங்களுக்கு என்ன முறை?" என்று கேட்டார்கள். சகோதரன் என்றேன். ஒரே தாயா என்று கேட்டார்கள். ஆம் என்றேன். அதில் என்ன பொய்?

நெஞ்சில் குளிர்ந்த பசையைப் பூசி, டீவியில் என் இதயத்தைக் காட்டினார்கள். மீன்வாய் மாதிரித் திறந்து திறந்து மூடுகிறது. "ஒரு குறையும் இல்லை, போய் நன்றாகச் சாப்பிடுங்கள்" என்றார் டொக்டர். அதைச் சொல்ல அவ்வளவு படித்திருக்க வேண்டியதில்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தால் உம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. குடும்ப நோய் என்ற பேச்சை யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். தன் பாலில்தான் ஏதோ குறை, அதுதான் மகனைக் கொன்றது என்று இத்தனை நாள் வாய் திறக்காமல் கிடந்திருக்கிறார், ராத்தா. எனக்கு ஒன்றும் இல்லை என்று கேட்டதும் எழுந்து உட்கார்ந்து என் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "ஷாஹ்மி ஒரு பக்கம் குடிக்கக்கொள்ள மத்தப் பக்கம் குடிச்சவன்டா நீ. எண்ட பாலுல கொற இல்லேண்டு அல்லாஹ் ஒன்ன வெச்சிக் காட்டிட்டான்." அடுத்த நாள் ஒரு சட்டி மஞ்சள் சோறு ஆக்கி அக்கம்பக்கம் கொடுத்தார்.

அவர் அடுப்படியில் நிற்பதைப் பார்த்தே ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. எனக்குச் சந்தோஷம். நீங்கள் உங்கள் நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்தீர்களா? எழுதவே இல்லையே.

வஸ்ஸலாம்,
ஹாஷிம்


மொனராகலை
02.10.2024

அன்புத் தம்பிக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். அனைவரும் நலம். உனக்கு ஒன்றும் இல்லை என்பதில் மகிழ்ச்சி. உம்மா சமைப்பதிலும் மகிழ்ச்சி.

இன்ஸாப்பும் ஹனாவும் எப்போது போகிறார்கள்?

இங்கே தவணைப் பரீட்சை. நேரம் இல்லை.

நபீலா


பதுளை
20.10.2024

அன்பின் ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதம் தந்தியை விடச் சின்னது. உடம்புக்கு ஏதும் இல்லையே?

இன்ஸாப் போகமாட்டான். ஹனாவையும் அனுப்பமாட்டேன் என்கிறார் உம்மா. "ஹாஷிமுக்கு ஒண்டும் இல்ல. ஒரே பால் குடிச்ச மத்ததுகளுக்கு மட்டும் எங்கால வரும்? ஷாஹ்மிட முடிவு அல்லாஹ்ட கணக்கு. புள்ளட நெஞ்சத் தொறந்து பாத்து இல்லாத வருத்தத்தக் கூப்புட வேணாம்." இதைக் கேட்டு இன்ஸாப்புக்குக் குளிர்விட்டுப் போயிற்று. நான் அதட்டினால் உம்மாவைக் காட்டுகிறான்.

போன கிழமை மலை உச்சிக்குக் கிட்ட அவனுக்குத் தலை சுற்றிக் கண் இருண்டுவிட்டதாம். கூடப் போன வெள்ளைக்காரர்கள்தான் தண்ணீர் தெளித்தார்களாம். காலையில் சாப்பிடவில்லை, அதுதான் என்று சிரித்துக்கொண்டே சொல்கிறான். உம்மாவிடம் சொல்லாதே என்றான்.

உம்மா சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் இந்தத் தலைசுற்றலைக் கேட்டதிலிருந்து மனம் சரியில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? நீங்கள் போனீர்களா இல்லையா? ஊருக்குத்தான் உபதேசமா?

ஹாஷிம்


மொனராகலை
25.10.2024

அன்புத் தம்பி ஹாஷிமுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதம் இன்று காலை கிடைத்தது. இதைக் கடையில் நின்றுகொண்டு வாசிக்காதே. உட்கார்ந்து வாசி.

உம்மா உன்னைக் காட்டுகிறார், இன்ஸாப் உம்மாவைக் காட்டுகிறான். ஓணானுக்கு வேலி சாட்சி, வேலிக்கு ஓணான் சாட்சி. நடுவில் ஒரு பிள்ளை மலையில் விழப்போகிறது.

நீயும் ஷாஹ்மியும் ஒரே வாரத்தில் பிறந்தீர்கள். உன் உம்மா ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். அடுத்த வீட்டுப் பிள்ளை பசியில் கத்துகிறதே என்று என் உம்மா உனக்குப் பால் கொடுத்தார். உன் உம்மா திரும்பி வரவில்லை, நீ எங்கள் வீட்டிலேயே நின்றுவிட்டாய். மார்க்கப்படி நீ என் தம்பி. அதை யாரும் மாற்ற முடியாது.

ஆனால் இந்த நோய் பாலில் வருவதில்லை. பெற்றவர்களின் இரத்தத்தில் வருகிறது. உன் நெஞ்சு நன்றாக இருப்பது இன்ஸாப்பைப் பற்றி எதையும் சொல்லாது. எதிர்க்கடைக்காரரின் நெஞ்சு சொல்வதை விட ஒரு சொல்கூட அதிகமாகச் சொல்லாது. நீ எங்கள் இரத்தம் இல்லை, ஹாஷிம். இன்ஸாப் நிற்க வேண்டிய இடத்தில் நின்று நீ எடுத்த பரிசோதனையைத்தான் இப்போது உம்மா கேடயமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

இதை உம்மாவுக்குச் சொல்ல வேண்டும். நான் சொன்னால் படித்த திமிர் என்பார். நீ சொன்னால்தான் நம்புவார்.

வேறு வழி தெரியவில்லை.

நபீலா


பதுளை
01.12.2024

மதிப்புக்குரிய நபீலா டீச்சர் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தாங்களும் குடும்பத்தினரும் நலமாக இருக்க இறைவனை வேண்டுகிறேன்.

பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். கடையில் வேலை. "என்னங்க மொதலாளி, மொகமே சரியில்ல?" என்று தோட்டத்துச் சனங்கள்கூடக் கேட்கிறார்கள். பல்வலி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

தாங்கள் சொன்னபடி செய்துவிட்டேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சாப்பிட உட்கார்ந்தோம். உம்மா எனக்குக் கறி போட்டுக்கொண்டிருந்தார். "உம்மா, நான் ஒங்கட வயித்துல பொறந்த புள்ள இல்ல. எண்ட நெஞ்சுல வருத்தம் இல்லாதது ஒங்கட புள்ளகளுக்குப் பொருந்தாது" என்றேன். அந்த வீட்டில் இதுவரை யாரும் சொல்லாத வார்த்தை. அதை நானே சொல்ல வேண்டி வந்தது.

கரண்டி அப்படியே நின்றது. "யாருடா ஒனக்கு இதச் செல்லித் தந்த?" என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன்.

"அப்பிடியெண்டா நபீலா ஒனக்கு முன்னால இத்தின வருஷம் தல மூடாம நிண்டது ஹராமா?" என்று கேட்டார். இதற்குத் தங்களிடம் பதில் இருந்தால் எழுதுங்கள்.

திரைக்குப் பின்னாலிருந்து றுமைஸா மச்சி, "மாமி, ஹனாவ அனுப்பத்தான் வேணும்" என்றார். இத்தாவில் உட்கார்ந்ததிலிருந்து அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. இன்ஸாப் சோற்றிலிருந்து கையை எடுத்து, "நானும் வாறேன்" என்றான். உம்மாவையும் சேர்த்து மூன்று பேருக்கும் திகதி எடுத்திருக்கிறேன்.

மறுநாள் காலையில் உம்மா என் போனை மேசையில் வைத்துவிட்டுப் போனார். வேண்டாமாம். இப்போது போன் என்னிடம்தான் இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். குரலில் பேச விருப்பம் இல்லை.

இப்படிக்கு,
எம். ஹாஷிம்


மொனராகலை
22.12.2024

அன்புத் தம்பி ஹாஷிமுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நலமா? நாங்கள் சுகமாக வந்து சேர்ந்தோம். பஸ்ஸில் நல்ல கூட்டம்.

றுமைஸாவின் இத்தா முடிந்த நாளில் வீடு நிறைய ஆட்கள். அவள் நன்றாக மெலிந்துவிட்டாள். பசியில்லை என்கிறாள், கவனியுங்கள். ஹனா கெட்டிக்காரி. உம்மா அதிகம் பேசவில்லை. நான் இரண்டு நாள் நின்றேன், நீ கடையிலேயே இருந்துவிட்டாய். கறிக்கோழி கொடுக்க வாசலுக்கு வந்ததோடு சரி.

மூன்று பேரின் முடிவும் வந்ததும் உடனே எழுது. போனில் சொன்னாலும் சரி.

நீ செய்தது பெரிய காரியம். அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

நபீலா ராத்தா


பதுளை
19.01.2025

நபீலா டீச்சர் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தங்கள் சுகம் எப்படி? இந்த முறை இதை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

முதலில் முடிவுகள். உம்மாவுக்கு ஒன்றும் இல்லை. வாப்பாவின் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும் என்கிறார் டொக்டர். ஹனாவுக்கு இப்போதைக்கு ஒன்றும் இல்லை, ஆனால் வளர வளரத் திரும்பப் பார்க்க வேண்டும். இன்ஸாப்புக்கு இருக்கிறது. ஷாஹ்மிக்கு இருந்த அதே தடிப்பு. ஒரு நாள் முழுக்க நெஞ்சில் ஒரு கருவியைக் கட்டிப் பார்த்தார்கள். துடிப்பு இடையிடையே தறிகெட்டு ஓடுகிறதாம். மலை ஏறியது போதும், இனி ஏறினால் இறங்கமாட்டாய் என்று டொக்டர் முகத்துக்கு நேரே சொன்னார். நெஞ்சுக்குள் ஒரு சின்னக் கருவி வைக்கக் கண்டிக்குக் கடிதம் கொடுத்திருக்கிறார். இன்ஸாப் வாசலில் வந்து அழுதான். அவன் உயிர் தப்பியது தங்களால்தான், அதில் எனக்கு மறுப்பு இல்லை.

அடுத்தது. அவனுக்குக் கொடுத்த குளிசையை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். உம்மா அட்டையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நபீலாவும் இதத்தானே குடிக்கிறா" என்றார். மார்கழியில் நீங்கள் நின்ற இரண்டு நாளும் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு குசினிக்குள் அடுப்புப் பக்கம் திரும்பி நின்று விழுங்கினீர்களாம். "கேட்டீங்களா உம்மா?" என்றேன். "அவ செல்லல்ல. நான் கேக்கல்ல" என்றார்.

எப்போது தெரியும் உங்களுக்கு? நீங்கள் எழுதாவிட்டாலும் நான் கண்டுபிடித்துவிட்டேன். அந்தத் தந்திக் கடிதம் எழுதும்போதே உங்களுக்குத் தெரியும்.

உங்கள் பரிசோதனைத் தாளை உம்மாவின் மடியில் போட்டிருந்தால் போதும். உம்மாவின் சொந்த மகளுக்கே இருக்கிறது என்றால் இன்ஸாப் அன்றைக்கே ஓடியிருப்பான். என்னை வைத்து எதையும் சொல்லத் தேவையே இருந்திருக்காது.

இன்னொன்று. கறிக்கோழி கொண்டுவந்த அன்று நீங்கள்தான் கதவைத் திறந்தீர்கள். என்னைக் கண்டதும் முக்காட்டை இழுத்துத் தலையில் போட்டீர்கள். இரத்தம் இல்லை என்று எழுதியதைத் தாங்கிக்கொண்டேன். இதைத் தாங்க முடியவில்லை.

ஹாஷிம்


மொனராகலை
28.01.2025

ஹாஷிமுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலமாக இல்லை.

உன் முதல் கடிதம் வந்ததும் பரிசோதனைக்குப் போனேன். தடிப்பு கொஞ்சம்தான், குளிசை போதும் என்றார்கள். அதை எழுத ஒவ்வொரு முறையும் பேனாவை எடுத்தேன். உம்மா ஒரு பிள்ளையை அடக்கி ஒரு மாதம் ஆகியிருந்தது, இன்னொன்றையும் எண்ண வைக்கக் கூடாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதி, பயம். எழுதிவிட்டால் எனக்கு நோய் இருக்கிறது என்று ஆகிவிடும். மகன்மார் இருவரையும் கொண்டுபோக வேண்டிவரும், அவர்கள் தாளையும் பார்க்க வேண்டிவரும். முன்ஸிப்புக்குக்கூட நேற்றுவரை சொல்லவில்லை.

என் நோயைச் சொல்வதை விட உன்னைச் சொல்ல வைப்பது எனக்கு லேசாக இருந்தது. நீ தாங்குவாய் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் பாரமானது எல்லாவற்றையும் உன்னிடம்தானே தூக்கக் கொடுத்திருக்கிறோம்.

முக்காட்டுக்கு என்னிடம் காரணம் இல்லை. உம்மா கேட்ட கேள்வியை நீ எழுதியிருந்தாய். கதவைத் திறந்தபோது உன் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. கை தானாக முக்காட்டுக்குப் போய்விட்டது. நீ அந்நியன் என்பதால் இல்லை.

நாளை மகன்மாரைக் கொண்டுபோகிறேன். உம்மாவுக்கு நானே போனில் சொல்கிறேன், ஸ்பீக்கரில் போட்டாலும் பரவாயில்லை.

என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் இல்லை.

நபீலா


பதுளை
16.02.2025

அன்பின் நபீலா ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மகன்மார் இருவருக்கும் இப்போதைக்கு ஒன்றும் இல்லை என்று நீங்கள் உம்மாவிடம் சொன்னதைத் திரைக்கு இந்தப் பக்கம் நின்று நானும் கேட்டேன். திரை இன்னும் கழற்றப்படவில்லை, எல்லோருக்கும் பழகிவிட்டது. அல்ஹம்துலில்லாஹ். குளிசையை ஒளித்து வைத்துக் குடிக்காமல் மனிதர் மாதிரி மேசையில் வைத்துக் குடியுங்கள்.

இன்ஸாப்புக்குக் கண்டியில் அடுத்த மாதம் திகதி கிடைத்திருக்கிறது. அதுவரை கடையில் உட்கார வைத்திருக்கிறேன். வெள்ளைக்காரர்களோடு பழகிய வாய், கொழுந்தெடுக்கும் பெண்கள் வந்தாலும் "ஹலோ மேடம், வெல்கம்" என்கிறான். இராக்கம்மா அக்கா விட்டாரா? "ஏந்தம்பி, நாங்க சீனி வாங்க வந்தோமா, எல்ல பாக்க வந்தோமா?" என்று கேட்டுவிட்டார். ஷாஹ்மி போன பிறகு கடையில் அன்றைக்குத்தான் சிரிப்புச் சத்தம் கேட்டது.

உங்கள் போன் வந்த அன்று உம்மா என்னைக் கூப்பிட்டார். "வாப்பாட வழியால வந்தது, எண்ட பாலால இல்ல, அப்பிடித்தானே?" என்றார். ஆம் என்றேன். "அப்ப நான் அண்டைக்குச் சென்னது சரி. ஒன்ன வெச்சித்தான் அல்லாஹ் காட்டினான்" என்றார். நான் வாதாடவில்லை. யோசித்துப் பார்த்தால் அதில் பிழையும் இல்லை. பாலைப் பற்றிச் சாட்சி சொல்ல எனக்குத்தான் உரிமை இருக்கிறது. அதைக் குடித்ததைத் தவிர அந்த வீட்டோடு எனக்கு வேறு தொடர்பு கிடையாதே.

அப்படிச் சொல்லிவிட்டுக் கையை நீட்டினார். எதற்கு என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. "போனத் தா" என்றார். கொடுத்துவிட்டேன். ஆகவே மறுபடியும் போன் இல்லாமல் எழுதுகிறேன்.

கோபம் முழுதாகப் போகவில்லை, ராத்தா. போய்விட்டது என்று எழுதினால் நம்பமாட்டீர்கள். மூட்டையை எனக்குத் தரும்போது இனி ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தாருங்கள், மறுமுனையை நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டும்.

நோன்புக்கு முன் பயறும் எள்ளும் எடுக்க வியாழக்கிழமை மொனராகலை வருகிறேன். பகல் சாப்பாடு உங்கள் வீட்டில்தான். மச்சானையோ பிள்ளைகளையோ அனுப்பாமல் கதவை நீங்களே வந்து திறங்கள். தலையை மூட வேண்டாம்.

வஸ்ஸலாம்,
தம்பி ஹாஷிம்